பழைய ஞானஸ்நான ரிஜிஸ்தர்களை என்ன செய்வது? பீரோ, காப்பகம், ஸ்கேன், வெளி அமைப்பு: ஓர் ஒப்பீடு

சபையின் 150ஆம் ஆண்டு அசன விருந்து நெருங்கும்போதுதான் பல சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) பழைய ரிஜிஸ்தர்களின் ஞாபகம் வருகிறது. விழா மலரில் போட 'முதல் ஞானஸ்நானம் யாருக்கு' என்று பார்க்கவேண்டும். யாரோ குருமனைப் (குருவானவர் வீட்டுப்) பீரோவைத் திறக்கிறார். கீழ்த் தட்டில், காணிக்கை ரசீதுக் கட்டுகளுக்கு அடியில், முதுகு பிய்ந்த தடித்த புத்தகங்கள் நாலைந்து கிடக்கின்றன. எடுத்து வைத்தால் மேசையெல்லாம் காகிதத் தூள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கட்சி பிரியும். 'இத்தனை வருஷம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்' என்பார் பெரியவர் ஒருவர். 'திருமண்டல (மறைமாவட்ட) ஆபீசில் ஒப்படைத்துவிட்டால் நமக்குத் தொல்லை இல்லை' என்பது இன்னொரு கட்சி. இளைஞர்கள் 'ஸ்கேன் பண்ணி நெட்டில் போட்டுவிடலாம்' என்பார்கள். அமெரிக்காவிலிருக்கும் உறவுக்காரர் ஒருவர், இலவசமாகவே எடுத்துத் தரும் அமைப்பு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பியிருப்பார். கடைசியில் 'அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்' என்று ஜெபத்தோடு கலைவார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் இருந்து ஒரு சேகரச் செயலர் இதே சிக்கலைச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புத்தகத்தைக் காப்பாற்றுவது ஒரு முடிவு, அதில் இருப்பதை ஊருக்குக் காட்டுவது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் போடுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

## எந்தப் புத்தகத்துக்கு வேறு நகல் இருக்கிறது?

விலை, வசதி எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா ரிஜிஸ்தருக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது.

நம் பக்கத்துச் சபைகள் பல வழிவந்த ஆங்கிலிகன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபையின்) பதிவுப் பழக்கம் 1538இல் தொடங்குகிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் (ஊர்ச் சபையிலும்) ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். புத்தகத்தை வைக்க இரண்டு பூட்டுள்ள ஒரு பெட்டி. ஒரு சாவி குருவிடம், மற்றது சபை வார்டன்களிடம். அதே நூற்றாண்டு முடிவதற்குள், ஆண்டுக்கொரு முறை பதிவுகளின் நகலைப் பேராயருக்கு அனுப்பவேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஊர்க் கோயில் எரிந்து போனாலும் பேராயரிடம் ஒரு பிரதி மிஞ்சும்.

சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைத் தந்த எலிஹு யேலின் திருமணம் அதே ஆண்டு அங்கே நடந்தது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல். மதராஸ் மாகாணத்து ஆலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 1698 முதல் இருக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும்தான். கம்பெனித் துரையின் பிள்ளைக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தை லண்டனில் உட்கார்ந்து பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடியில் ஒரு பனையேறியின் பிள்ளைக்குக் கொடுத்ததை இடையன்குடியில்தான் தேடவேண்டும்.

விவாகப் புத்தகத்தின் கதை வேறு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகங்களைத் தனிப் புத்தகத்தில் பதிந்து, அது நிரம்பியதும் பதிவாளருக்கு அனுப்பச் சொல்கிறது. அங்கிருந்து அது தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஆகவே உங்கள் சேகரத்தில் 1890களின் விவாகப் புத்தகம் இல்லையென்றால் உடனே 'எந்த ஐயர் (குருவானவர்) காலத்தில் தொலைந்தது' என்று விசாரணை வைக்கவேண்டாம். சட்டப்படி போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கலாம்.

ஞானஸ்நானப் புத்தகத்துக்கும் அடக்கப் புத்தகத்துக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. உங்கள் பீரோவில் இருப்பதே ஒரே பிரதியாக இருக்கலாம். எதைச் செய்வதானாலும் இவை இரண்டும் முதல் வரிசை.

## எதை வைத்து எடைபோடுவது

ஆறு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

மூலப் புத்தகம் யார் கையில் இருக்கும்? இது உணர்ச்சிப் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவேண்டாம். பழைய ஞானஸ்நானச் சான்று கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். திருமணப் பதிவைத் தேடிப் பார்க்கவும் அதன் சான்றிட்ட நகலைப் பெறவும் மேற்சொன்ன சட்டமே வழி வைத்திருக்கிறது. புத்தகம் எங்கேயோ போய்விட்டால் ஐயர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்?

தண்ணீர், கரையான், பூச்சி, இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் தப்பும்? நகல் எத்தனை இடத்தில் இருக்கும்? தன் பாட்டனாரின் பெயரைத் தேடி வருபவருக்குக் கண்டுபிடிக்க முடியுமா? இன்று உயிரோடு இருக்கும் யாருக்காவது தீங்கு வருமா? கடைசியாக, பத்து வருஷம் கழித்து இதற்கு யார் பணமும் நேரமும் செலவழிப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எந்தக் கமிட்டியும் கேட்பதில்லை.

## வழி 1: குருமனைப் பீரோவிலேயே, ஆனால் ஒழுங்காக

இதைப் பழமைவாதம் என்று தள்ளவேண்டாம். புத்தகம் ஊரிலேயே இருக்கும். 'வேதமாணிக்கம் என்று மூன்று பேர் உண்டு, இது மேலத்தெரு வேதமாணிக்கம்' என்று சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கும். செலவும் குறைவு.

மறைந்திருக்கும் விலை என்ன? குருமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சாவி கைமாறும். புத்தகங்களின் பட்டியல் கைமாறுவதைப் பார்த்தது அரிது. அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தாமிரபரணிக் கரையில் வீடுகளுக்குள் வந்த தண்ணீர் குருமனை என்று பார்த்து ஒதுங்கிப் போகவில்லை. கீழ்த் தட்டில் இருப்பதுதான் முதலில் நனையும்; கனமான புத்தகத்தை எல்லாரும் கீழ்த் தட்டில்தான் வைப்பார்கள்.

மூன்றாவது ஆபத்து, நல்ல மனசு. பல வருஷங்களுக்கு முன் ஒரு சேகரத்தில் பழைய ரிஜிஸ்தரை பைண்டிங்குக்குக் கொடுத்தோம். கடைக்காரர் அக்கறையோடுதான் செய்தார். புது காலிகோ அட்டை, முதுகில் தங்க எழுத்து. ஓரம் சீராக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து அரை அங்குலம் வெட்டிவிட்டார். அந்த அரை அங்குலத்தில்தான் பிற்காலத்துக் குருமார் எழுதிய ஓரக் குறிப்புகள் இருந்தன: யார் இலங்கைத் தோட்டத்துக்குப் போனார், யார் வேறு சபையில் சேர்ந்தார், யாருடைய பெயர் திருத்தப்பட்டது. இப்போது அந்தப் பக்கங்களில் பாதி பாதி எழுத்துகள் மட்டும் நிற்கின்றன. பைண்டிங்குக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

லாமினேஷனும் இதே ரகம்தான். பிளாஸ்டிக்குக்குள் சூட்டோடு ஒட்டிய காகிதத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோ டேப் சில வருஷத்தில் மஞ்சளாகி, பசை மையோடு கலந்துவிடும்.

செய்யவேண்டியது எளிது. பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேல் தட்டில், புத்தகத்தை நிற்க வைக்காமல் படுக்கப் போடுங்கள். கஞ்சி போடாத, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கலாம். ஓலைச்சுவடிக்கு நம் ஊரில் செய்துவந்ததுதான். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் பீரோவைத் திறந்து நிழலில் காற்றாட விடவேண்டும், வெயிலில் காயவைக்கக் கூடாது. பீரோக் கதவின் உள்பக்கம் புத்தகப் பட்டியல் ஒன்றை ஒட்டி, குருவானவர் மாறும்போதெல்லாம் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டால், 1538இன் இரண்டு சாவி ஏற்பாட்டுக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம்.

எப்போது இதுவே சரி: புத்தகம் இன்னும் அடிக்கடி தேவைப்படுகிறது, சபை உயிர்ப்போடு இருக்கிறது, குருமனை மேட்டில் இருக்கிறது.

## வழி 2: காப்பகத்தில் ஒப்படைப்பது

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1978இல் வந்த திருச்சபைச் சட்டப்படி, 100 ஆண்டைத் தாண்டிய பங்குப் பதிவேடுகளை மறைமாவட்டத்துக்கென்று குறித்த ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும். ஆலயத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் பேராயரின் அனுமதி வேண்டும். அங்கே அது நடக்கிறது என்றால், மாவட்டந்தோறும் வாசிப்பறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள காப்பகம் இருப்பதால்தான்.

நம்மிடம் அந்த வலைப்பின்னல் கிடையாது. இருப்பவை திருமண்டல அலுவலகங்களும் சில இறையியல் கல்லூரிகளின் காப்பகங்களும். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகத்தில் மிஷன் ஆவணங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஆவணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். உங்கள் சேகரப் புத்தகம் பக்கத்துச் சேகரப் புத்தகத்தோடு சேர்ந்து அர்த்தப்படும்.

விலை என்னவென்றால், புத்தகம் ஊரைவிட்டுப் போய்விடும். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் இருக்கும் ஒரு பாட்டி தன் தகப்பனாரின் பதிவைப் பார்க்க பெங்களூருக்கு ரயில் ஏறுவாரா? நிர்வாக எல்லையும் நிலையானதில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் உருவானபோது எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிகன் மிஷன் சங்கங்களின் வழி வந்த திருநெல்வேலிச் சபைகள் அதற்குள் வந்தன. 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. பிரிவினைக்கு முன்னால் ஒரு அலுவலகத்தில் கொடுத்த காகிதம் பிரிவினைக்குப் பின் எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு ரசீது வேண்டும்.

ஆகவே ஒப்படைப்பதானால் தானமாகக் கொடுக்கவேண்டாம், வைப்பாகக் கொடுங்கள். உரிமை சேகரத்துடையது, கேட்டால் திருப்பித் தரவேண்டும், முதலில் முழுப் படப் பிரதி சேகரத்துக்குத் தரவேண்டும், ஒவ்வொரு புத்தகத்தின் பக்க எண்ணிக்கையும் குறிக்கப்படவேண்டும். இந்த நாலு வரி எழுத்தில் இல்லாமல் ஒரு புத்தகமும் வாசல் தாண்டக் கூடாது.

எப்போது இதுவே சரி: சபை சுருங்கிவிட்டது, குருமனை பூட்டிக் கிடக்கிறது, அல்லது பக்கங்கள் நிபுணர் கைபட வேண்டிய அளவுக்குச் சிதைந்துவிட்டன.

## வழி 3: நாமே ஸ்கேன் எடுப்பது

இளைஞர்களின் வழி. நானும் இதன் பக்கம்தான், ஆனால் இரண்டு தடங்கலைத் தாண்டியபிறகு.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தட்டையான ஸ்கேனரில் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். அதனால் மேலிருந்து படம் எடுக்கவேண்டும். ஒரு ஸ்டாண்டில் கேமராவோ நல்ல ஃபோனோ, கீழே கறுப்புத் துணி, இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம். ஒருவர் பக்கம் திருப்புகிறார், ஒருவர் எடுக்கிறார். பழைய கறுப்பு மை சில இடங்களில் காகிதத்தையே அரித்துத் துளை போட்டிருக்கும். அப்படிப்பட்ட தாளின் அடியில் வெள்ளைத் தாள் ஒன்றைச் சொருகினால்தான் அடுத்த பக்க எழுத்து துளை வழியாகத் தெரியாமல் இருக்கும். பழகியவர்கள் நிமிடத்துக்கு இரண்டு விரிப்பு (திறந்த இரு பக்கம் ஒரு விரிப்பு) எடுப்பார்கள். 300 விரிப்புள்ள புத்தகம் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். ஒரு சனிக்கிழமையில் இரண்டு புத்தகம்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஏ3 அளவு விரிப்பை 400 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு படம் சுமார் 90 எம்பி. 300 விரிப்புக்கு 27 ஜிபி. 20 புத்தகம் என்றால் அரை டெராபைட்டுக்கு மேல். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் போச்சு என்று தோன்றும். வாங்கவேண்டியது குறைந்தது இரண்டு; ஒன்று குருமனையில், இன்னொன்று வேறு ஊரில். அவற்றை ஆண்டுக்கொரு முறை செருகித் திறந்து பார்க்கவேண்டும், ஐந்தாறு வருஷத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றவேண்டும். இந்தச் செலவுக்கு சேகர பட்ஜெட்டில் ஒரு தலைப்பு இல்லையென்றால், ஸ்கேன் எடுத்த தம்பி வேலை கிடைத்து பெங்களூரு போகும்போது அவனுடைய லேப்டாப்பில் உங்கள் 150 வருஷமும் சேர்ந்து போய்விடும்.

அது முதல் தடங்கல். இரண்டாவதுதான் பெரியது: 'நெட்டில் போடுவது'.

ஞானஸ்நானப் பதிவில் என்னென்ன இருக்கும்? பெயர், பெற்றோர், ஊர், தொழில், பல புத்தகங்களில் சாதி. பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும். சுடலைமுத்து என்று வந்தவர் ஞானமுத்துவாகத் திரும்பியது அந்த ஒரு வரியில் இருக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிட மதிப்புள்ள வரி கிடையாது.

அதே வரி இன்னொருவருக்கு வேறு விதமாகப் படும். 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அவர் குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானமும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தச் சட்டம் நியாயமா என்பது தனி விவாதம்; என் கருத்தைக் கேட்டால் நியாயமில்லை என்பேன். ஆனால் ஒரு கிராமத்தின் 1960, 70களின் ஞானஸ்நானப் புத்தகத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினால், இன்று வேலையிலும் படிப்பிலும் இருக்கும் சில குடும்பங்களின் கழுத்தில் கயிற்றை மாட்டுகிறோம். விழா மலர்க் குழுவுக்கு இது தோன்றுவதில்லை.

இது தவிர, தகப்பன் பெயர் எழுதாமல் விட்ட பதிவுகள், சபை ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகள், இரண்டாம் விவாகம் பற்றிய ஓரக் குறிப்புகள் எல்லாம் உண்டு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கமிட்டியில் ஒருவராவது படித்துப் பார்க்கவேண்டும்.

என் யோசனை: எல்லாவற்றையும் ஸ்கேன் எடுங்கள், எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு 100 ஆண்டு, விவாகத்துக்கு 80 ஆண்டு கடந்தவற்றை மட்டும் வெளியிடலாம். மற்றவை சேகரத்தில், நேரில் வந்து கேட்பவரின் சொந்தக் குடும்பப் பதிவுக்கு மட்டும். 100 ஆண்டு கடந்ததிலும் சாதிப் பத்தியை வெளியிடலாமா என்பதைச் சபைக் கூட்டத்தில் கேட்டு முடிவெடுங்கள். ஐயரும் செயலரும் மட்டும் முடிவெடுக்கிற காரியம் இல்லை இது.

எப்போது இதுவே சரி: பொறுமையுள்ள இரண்டு பேர் இருக்கிறார்கள், டிஸ்க்குக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க கமிட்டி தயார்.

## வழி 4: வெளி அமைப்பிடம் கொடுப்பது

இதில் மூன்று ரகம்.

ஃபேமிலிசர்ச். அமெரிக்காவின் யூட்டாவில் 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் இன்றைய வடிவம், மார்மன் சபையுடையது. ஆவணம் வைத்திருப்பவரிடம் பணம் வாங்காமல் படமெடுத்து ஒரு பிரதியும் தருவார்கள், மூலத்தை எடுத்துப் போகமாட்டார்கள். மலைக்குள் குடைந்த பெட்டகத்தில் மைக்ரோஃபில்ம் வைத்திருப்பவர்கள். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய நம்பிக்கையில் இறந்துபோன முன்னோருக்காக ஞானஸ்நானம் பெறும் வழக்கம் உண்டு. இதைக் காரணம் காட்டி 2008இல் வத்திக்கான், கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அவர்களுக்குத் தரக் கூடாது என்று மறைமாவட்டங்களுக்கு எழுதியது. உங்கள் சபையார் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பிறகு தெரியவந்தால் வாசலில் சண்டைதான்.

பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம். 2004 முதல் நடக்கிறது. நிதியுதவி தரும், மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்கவேண்டும் என்பது விதி, படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஒரே சேகரம் தனியாக விண்ணப்பிப்பதைவிட, பத்துப் பதினைந்து சேகரங்கள் ஒரு கல்லூரியோடு சேர்ந்து போவது பொருத்தம். விண்ணப்பம் எழுதுவதே சில மாத வேலை. எல்லோரும் பார்க்கலாம் என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை, ஆகவே மேலே சொன்ன 100 ஆண்டு வரம்பை முதலிலேயே பேசி முடிக்கவேண்டும்.

மூன்றாவது, சந்தா வாங்கும் வணிகத் தளங்கள். இந்தியா ஆபீஸ் ஆலயப் பதிவுகளின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்து பார்க்கக் காசு கட்டவேண்டும். ஒரு சேகரத்துக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். நம் பாட்டன் பெயரை நாமே பவுண்டில் வாங்கவேண்டியிருக்கும்.

பெரிய வீட்டில் வைத்தால் பத்திரம் என்று முழுசாக நம்பிவிடவும் முடியாது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அடுத்த அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாள் இறங்கிக் கிடந்தது. யாருக்குக் கொடுத்தாலும் முழுத் தரப் பிரதி ஒன்று உங்கள் பீரோவில் இருக்கவேண்டும்.

எப்போது இதுவே சரி: பல சேகரங்கள் ஒன்றுசேர முடிகிறது, பழைய புத்தகங்கள் நிறைய, உள்ளூரில் ஆளும் கருவியும் இல்லை.

## வழி 5: பெயர்ச் சுட்டி மட்டும் தயாரிப்பது

கமிட்டியில் யாரும் சொல்லாத வழி. ஒரு எக்செல் தாளில் ஆண்டு, பெயர், தகப்பன் பெயர், ஊர், புத்தக எண், பக்க எண். அவ்வளவுதான். சாதி, தொழில், குறிப்பு எதுவும் வேண்டாம். தேடி வருபவருக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மற்றதை நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும். புத்தகத்தைப் புரட்டுவதும் பத்தில் ஒன்றாகக் குறையும். காகிதம் கிழிவது புரட்டுவதால்தானே.

ஆனால் சுலபம் என்று நினைத்து கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். சில இடங்களில் தமிழ் எண்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா எல்லாம் பார்த்தறியாத பிள்ளை தடுமாறும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசிக்க, பிள்ளைகள் தட்டச்சு செய்வதுதான் நடைமுறையில் ஓடுகிறது.

இன்னொரு சிக்கல், வெளிநாட்டுத் தளங்களின் படிவங்கள் குடும்பப்பெயர் கேட்கும். நமக்கு ஏது? தகப்பன் பெயரை அதில் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குடும்பம் மாறியதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே ஞானமுத்துவை ஐந்து விதமாக எழுதுவார்கள். பெயரைத் தமிழிலேயே, புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள்.

எப்போது இதுவே சரி: எப்போதும். மற்ற எந்த வழியோடும் சேரும்.

## ஒரே பார்வையில்

| | மூலப் புத்தகம் | செலவு | மறைந்திருக்கும் விலை | யார் பார்க்கலாம் |
|---|---|---|---|---|
| குருமனைப் பீரோ | சேகரத்தில் | மிகக் குறைவு | வெள்ளம், குருமாற்றம், தவறான பழுதுபார்ப்பு | நேரில் வருபவர் |
| காப்பகம் | வெளியூரில் | குறைவு | பயணம், உரிமைக் குழப்பம் | பெரும்பாலும் ஆராய்ச்சியாளர் |
| நாமே ஸ்கேன் | சேகரத்தில் | நடுத்தரம், ஆண்டுதோறும் | டிஸ்க் பராமரிப்பு, அந்தரங்கம் | நாம் முடிவு செய்தபடி |
| வெளி அமைப்பு | சேகரத்தில் | நமக்கு ஏறக்குறைய இல்லை | விதிகள் அவர்களுடையவை, சபையின் மனநிலை | உலகமே, சில இடங்களில் காசு கட்டி |
| பெயர்ச் சுட்டி | சேகரத்தில் | உழைப்பு மட்டும் | வாசிப்புப் பிழை | எல்லோரும் |

## அந்தச் செயலருக்கு நான் சொன்னது

அவர்களிடம் பதினொரு புத்தகம் இருக்கிறது. ஞானஸ்நானம் ஆறு, அடக்கம் மூன்று, விவாகம் இரண்டு. குருமனை ஆற்றிலிருந்து தூரம், ஆனால் ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. இளைஞர் ஐக்கியத்தில் கேமரா வைத்திருக்கும் பையன் ஒருவன் உண்டு.

முதல் வழி, மூன்றாவது, ஐந்தாவது, இதே வரிசையில் என்றேன். புத்தகத்தை எங்கும் அனுப்பவேண்டாம். அடக்கப் புத்தகங்களிலிருந்து ஆரம்பியுங்கள். அவற்றுக்கு வேறு நகல் இல்லை, உயிரோடு இருப்பவர் யாரும் அதில் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய கல்லெல்லாம் அதை வைத்துத்தான் அடையாளம் காணமுடியும். பையன் கை பழகியபின் ஞானஸ்நானத்துக்குப் போகலாம். விழாவுக்குள் சுட்டி முடியாது, 1920 வரைக்கும் முடித்தால் போதும். விழா மலரில் அதை மட்டும் அச்சிடுங்கள். இணையத்தைப் பற்றி சபைக் கூட்டம் கூடி, சாதிப் பத்தி விஷயத்தை வெளிப்படையாகப் பேசியபிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது டிஸ்க்கை வெளியூரில் இருக்கும் சபையார் ஒருவர் வீட்டில் வைக்க, எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஏற்பாடு செய்யுங்கள்.

'பைண்டிங்?' என்று கேட்டார். வேண்டாம் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். பீரோ சுவரை விட்டு நகர்ந்திருக்கிறது. காணிக்கை ரசீதுக் கட்டுகள் கீழ்த் தட்டில். ரிஜிஸ்தர்கள் பதினொன்றும் மேலே, வெள்ளை வேட்டித் துணியில்.